அவள் பதிலுக்கு என் கை

ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவில் என்னோடு உட்கார்ந்த எல்லாருக்கும்,

கணக்கு வாத்தியாருக்கு எண்பது நிறைகிறது, கல்யாண மண்டபம் பேசியாயிற்று, சால்வை, மாலை, பிரியாணி எல்லாம் ஏற்பாடு என்று குரூப்பில் போட்டீர்கள். விழா மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது: “நீ கண்டிப்பா எழுதணும். சாரோட வலது கையே நீதானே!” பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை இரண்டு.

அந்தப் பொம்மைகளைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. குரூப்பில் பஞ்சாயத்து பிரசிடெண்டு மகன் எழுதியிருந்தான்: “அன்னிக்கு வாங்கின குட்டுதான் நம்மள ஆளாக்குச்சு.” நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள். யாரை ஆளாக்கியது என்று ஒருவராவது கேட்பீர்கள் என்று இரண்டு நாள் பார்த்தேன். கேட்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். படிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நம் ஹால் ஞாபகம் இருக்கிறதா? சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் புளியமரத்து நிழலிலேயே நடந்தால் வரும் அந்த நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரே ஹால், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ‘ஆ’ பிரிவு. அவர்களுடைய செய்யுள் நமக்குக் கேட்கும், நம்முடைய வாய்ப்பாடு அவர்களுக்குக் கேட்கும். மழை பிடித்துக்கொண்டால் கூரைச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. நனைந்த பையின் வாடை, டப்பாவில் அடைத்த புளிச்சோற்று வாடை, பெஞ்சு மரத்தில் ஊறிப்போன இங்க் வாடை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை வரும். இன்றைக்கும் நல்ல மழையில் கம்பெனி பஸ்ஸுக்குள் ஏறினால் அந்த வாடையின் பாதி வருகிறது. மீதிப் பாதி எங்கே போயிற்றோ.

தொண்ணூற்றொன்று ஜூனில் பள்ளி திறந்தது. அந்த மே மாதம் பக்கத்து ஊர்ப் பொதுக்கூட்டத்தில் குண்டு வெடித்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டில் போலீஸ் ஜீப் நின்றுகொண்டே இருந்தது. வெளியூரில் நம் ஊர்ப் பேரைச் சொன்னால் ஜனங்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டில், கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் பெரியவர்கள் வாயில் ஒரே பேச்சு: கூட்டம் போடாதே, சத்தம் போடாதே. அவர்களுக்கு இருந்த பயம் நம் மேல் அதட்டலாக இறங்கியது.

அதற்கு முந்தின வருஷம் நாம் போட்ட ஆட்டத்தையும் நான் மறைக்கவில்லை. தட்டி ஓட்டை வழியாக ‘ஆ’ பிரிவுப் பெண்களின் ஜடையை இழுத்துக் கட்டியது யார்? ஜாமெட்ரி பாக்ஸில் தவளை வந்தது எப்படி? வேர்க்கடலைத் தோலைக் கூட்டி அள்ளியே பள்ளிக்கூடத்துப் பியூனுக்கு முதுகு போயிற்று. பிரம்பு வாங்கி வாங்கி ஹெட்மாஸ்டர் ஓய்ந்துபோனார். வாங்கின பிரம்பெல்லாம் மறுநாள் ஏரியில் மிதந்தது.

அந்த ஜூனில்தான் கணக்கு வாத்தியார் மாற்றலாகி வந்தார். கையில் பிரம்பு இல்லை. மேடை மேல் நின்று, “நான் உங்க மேல கையே வைக்க மாட்டேன். உங்களை நீங்களே பாத்துக்குங்க” என்றார். நாம் சந்தோஷத்தில் பெஞ்சைத் தட்டினோம். மறுநாள்தான் விஷயம் புரிந்தது. அவர் கேள்வி கேட்பார். தெரியாதவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். யார் சரியாகச் சொல்கிறார்களோ, அவர்கள் போய் நிற்கிறவர்கள் எல்லாரையும் நடுவிரலை மடக்கித் தலையில் குட்ட வேண்டும். பேசினவனுக்கும் அதே. ஆண்பிள்ளைக்குப் பெண்பிள்ளை கையால் குட்டு. அந்த வெட்கத்துக்குப் பயந்தே பசங்கள் அடங்கினார்கள். ஒரு மாதத்தில் ஹாலில் காக்கா உட்கார்ந்தால் கேட்கும். ஹெட்மாஸ்டர் வருகிறவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டினார்: “பிரம்பு இல்லாத வகுப்பு சார் இது!”

பியூன் மட்டும் சொல்வார்: “இந்த ஸ்கூல்ல மணி அடிக்கிறதும் மண்டைல அடிக்கிறதும்தான் டயத்துக்கு நடக்குது.” என் அம்மா கேட்டுவிட்டு, “கை நோவாம அடிக்கிற வாத்தியாரு” என்றாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவளை நீங்கள் மறந்திருக்கலாம். நான் அவளை என் பெஞ்சுக்காரி என்றுதான் சொல்வேன். ஏரிக்கால்வாய்க்கு அந்தப் பக்கம், காலனி. அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை, அம்மாவுக்கு நடவும் களையும், ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் மாதா கோயில். பத்தாவது பாஸ் பண்ணினால் நர்ஸ் டிரெய்னிங்கில் சேர்த்துவிடுவதாகக் கோயில் சிஸ்டர் அவள் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பத்தாவது. கேள்வி கேட்டால் வலது கையைத் தூக்குவாள். கை வலிக்காமல் இருக்க இடது கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுப்பாள். ரவிக்கைக் கையில் தையல் விட்ட இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும். கை தூக்கும்போதெல்லாம் அந்த ஊக்கு மினுக்கும்.

வாத்தியார் வந்த முதல் வாரம். ஏதோ வட்டிக் கணக்கு. வரிசையாகப் பசங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், பிரசிடெண்டு மகனும் சேர்ந்து. இவள் சொன்னாள். சரியான விடை. பாவாடையை ஓர் உதறு உதறிக்கொண்டு பசங்கள் வரிசைக்குப் போனாள். முதலில் நின்றவன் பிரசிடெண்டு மகன்தான். அவன் தலையைக் குனிந்து கொடுத்து, “சீக்கிரம் குட்டுமே, கழுத்து வலிக்குது” என்றான். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே விரலை மடக்கி ஓங்கினாள்.

“ஏய், நில்லு!”

மேடையிலிருந்து வாத்தியார் குதித்த வேகத்தில் சாக்பீஸ் டப்பா கவிழ்ந்தது. நடுவில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“நீ போய் உக்காரு. கையக் கீழ எடு.”

“சரியாத்தானே சார் சொன்னேன்?”

“சரிதான். போய் உக்காரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ எழுந்திரு. அவளுக்குப் பதிலா நீ போய்க் குட்டு.”

“நான் சொல்லலையே சார்.”

“சொன்னதச் செய். இனிமே இவ பதில் சொன்னா நீதான் குட்டணும்.”

போனேன், குட்டினேன். நான் தப்பு செய்துவிட்டேன் என்று மூக்கைச் சிந்த இதை எழுதவில்லை. பதினாலு வயதுப் பெண்ணிடம் அந்த வேலையை ஒப்படைத்தவருக்கு அன்று நாற்பதுக்கு மேல் வயது. கேட்க வேண்டியது அவரைத்தான்.

சாயங்காலம் கால்வாய்க் கரையில் அவள் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள்.

“பாரு. சொறி சிரங்கு எதுனா கீதா?”

“இல்லியே.”

“அப்ப இன்னாத்துக்கு அப்புடிக் குதிச்சாரு?”

“நீ ஓங்கிக் குட்டிடுவேன்னு பயந்திருப்பாரு” என்றேன். சத்தியமாக நான் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுபோயிற்று. “வாத்தியாரு உஷாரான ஆளு” என்றாள். “அந்தப் பொண்ணு கையால குட்டு வாங்கினா, பசங்க வூட்ல சும்மா இருப்பாங்களா?”

“யாரு வூட்ல?”

“ஊருக்குள்ள எல்லா வூட்லயுந்தான்.”

“நம்ம வூட்ல?”

“நமக்கு இன்னாடி வந்துது? நாலு பேரு இன்னா சொல்வாங்கன்னு பாக்கணுமில்ல” என்று சொல்லிவிட்டு மறுபடி கல் பொறுக்கினாள். என் அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அந்த நாலு பேர் யார் என்று இந்த வயது வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர்களை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் பதில், என் கை. நீங்கள் எனக்குப் பேர்கூட வைத்தீர்கள். “டேய், வாடகைக் கை வருதுடா, தலையத் தொடச்சி வெச்சிக்கோ!” என்று நான் வரும்போதே கத்துவீர்கள். வாத்தியார் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி கரும்பலகையைத் துடைப்பார்.

ஆடி மாதம் அவளுக்குக் காய்ச்சல். நாலைந்து நாள் வராமல் வந்த அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அவளால் சொல்ல முடியவில்லை. நின்றாள். பின் வரிசைப் பையன் ஒருவன் சொல்லிவிட்டான். வந்து அவள் தலையில் ‘டொக்’ என்று ஒன்று வைத்தான். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிக்கப் போகிறார், ‘நில்லு’ என்று கத்தப் போகிறார் என்று. அவர் சாக்பீஸ் கூர் சீவிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது அவள் கால்வாய் மதகு வந்ததும் நின்று கேட்டாள்.

“அவன் கை என் தலையில பட்டுது. ஒன்னியும் ஆவல. என் கை அவன் தலையில பட்டா இன்னாடி ஆவும்? இடி வுழுமா?”

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இன்று தெரிந்தால் மலரில் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு வாத்தியார் இன்னும் சுலபமான வழி கண்டுபிடித்தார். அவளைக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். அவள் கையைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, உட்கார்ந்திருப்பாள். ஊக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அவர் கண் அவள் தலைக்கு மேலே தாண்டிப் போகும். ஒருநாள் “கையக் கீழ எடு. மத்தவங்களுக்கும் வாய்ப்புக் குடுக்கணுமில்ல” என்றார். மற்றவர்கள் எல்லாம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

கையைக் கீழே எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

அங்கேதான் ஆரம்பித்தது நீங்கள் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கூத்து. வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழும். நிறுத்த முடியவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் அறிவியல் டீச்சர் கேட்டார்: “தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்?” நம் பக்கமிருந்து இவள்: “நூறு, டீச்சர்!”

டீச்சர் அதட்டினார்: “யாருடி அது? அசரீரி மாதிரி?”

“‘அ’ கிளாஸ் டீச்சர்!” என்று அந்தப் பக்கம் மொத்த வகுப்பும் கத்த, நாம் இந்தப் பக்கம் பெஞ்சில் உருண்டோம். பிரம்பு இல்லாத வகுப்பின் மானம் அன்றோடு போயிற்று.

வெளியே நிற்க வைத்தார். ஜன்னல் வழியாகப் பதில் வந்தது. கொடிக்கம்பத்தடியில் வெயிலில் முட்டி போட வைத்தார். பியூன் யாருக்கும் தெரியாமல் சாக்கு மடித்துப் போட்டார். “இந்தப் பொண்ணு அடங்காப்பிடாரி” என்று ஹெட்மாஸ்டர் பிரேயரில் சொன்னார். அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

வந்தாள் அந்த அம்மா. நடவிலிருந்து நேராக. குதிகாலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஆபீஸ் அறை வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. நான் சாக்பீஸ் வாங்கப் போனவள், உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

“பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. கிளாஸ் நடத்த வுட மாட்டேன்றா” என்றார் ஹெட்மாஸ்டர்.

“கெட்ட வார்த்தை எதுனா பேசுதுங்களா சார்?”

“அதெல்லாம் இல்ல.”

“யாரோடனா சண்டைங்களா?”

“இல்லம்மா. கேக்காமலே பதில் சொல்றா.”

“தப்புத் தப்பா சொல்லுதுங்களா?”

“சரியாத்தாம்மா சொல்றா. அதான் பிரச்சனையே.”

“அப்ப ஒரு வாட்டி அவளக் கேட்டுட்டா பிரச்சனை தீந்துபூடுமே சார்?” என்றாள்.

ஹெட்மாஸ்டர் முகம் சிவந்துவிட்டது. கிளாஸ் எப்படி நடத்துவது என்று எங்களுக்குத் தெரியும் என்றார். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, “பத்தாவது வரிக்கும் பாத்துக்குங்க சார். அதுக்கு மேல நான் எதுவுங் கேக்கல” என்று சொல்லிப் படி இறங்கினாள். வாசல் மண்ணில் அவள் காலிலிருந்து உதிர்ந்த சேற்றுத் துண்டுகள் கிடந்தன. பியூனைக் கூப்பிட்டு உடனே பெருக்கச் சொன்னார்கள்.

ஐப்பசி மழை விட்ட சமயத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு, தட்டிக்குப் புதுக் கயிறு. முந்தின நாள் வாத்தியார் அவளைக் கூப்பிட்டு, “நாளைக்கு நீ லீவு போட்டுக்கோ. நானே பிரசென்ட் போட்டுக்கறேன்” என்றார். அவள் மறுநாள் தலைக்குக் குளித்துக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி பெரிய மனிதர், சிரித்த முகம். கணக்கே கேட்டார். “எட்டைப் பூஜ்ஜியத்தால வகுத்தா எவ்வளவு?”

பூஜ்ஜியம் என்றான் முதல் பெஞ்சு. எட்டு என்றான் அடுத்தவன். வரிசையாக எழுந்தோம். நானும்தான் எழுந்தேன், எனக்கும் தெரியாது. மொத்த வகுப்பும் நிற்கிறது. உட்கார்ந்திருந்தவள் ஒருத்தி, கை தூக்கி, முழங்கைக்கு முட்டுக் கொடுத்து.

வாத்தியார் பார்க்கவில்லை. அதிகாரி பார்த்தார். “நீ சொல்லும்மா.”

“வகுக்கவே முடியாது சார்.”

“ஏன்?”

“பங்கு வாங்கிக்க ஆளே இல்லாம எப்புடி சார் பங்கு வெக்கிறது?”

அதிகாரி கை தட்டினார். நிஜமாகவே தட்டினார். ஹெட்மாஸ்டர் ஏற்கெனவே நம் வகுப்புப் பெருமையைச் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தார். அதனால் அதிகாரியே, “சரி, நடக்கட்டும் உங்க முறை. எல்லாரையும் குட்டிட்டு வா” என்றார்.

அவள் எழுந்தாள். நகரவில்லை. வாத்தியார் எனக்குக் கண் காட்டினார். நான் விழித்தேன். “நீ போ” என்றார் மெதுவாக.

“அந்தப் பொண்ணும் தெரியாமத்தானே நிக்குது? அது எப்படிக் குட்டும்?” என்றார் அதிகாரி.

தட்டிக்கு அந்தப் பக்கமும் பாடம் நின்றுவிட்டது. அவள்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“நான் சொன்னா அவதான் சார் குட்டுவா. எங்க கிளாஸ்ல அதான் வழக்கம். இன்னாத்துக்குன்னு நான் கேட்டேன், சார் சொல்லல. நீங்க கேளுங்க சார்.”

அதிகாரி முகத்தில் சிரிப்பு இறங்கியதை நான் பார்த்தேன். வாத்தியாரைப் பார்த்தார், ஹெட்மாஸ்டரைப் பார்த்தார், அவளுடைய தையல் விட்ட ரவிக்கைக் கையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்குச் சந்தேகமே இல்லை. புரிந்த பிறகு அந்த மனிதர் செய்தது என்ன தெரியுமா? கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி சரி, எல்லாரும் உக்காருங்க. நேரமாச்சு” என்றார். ஆபீஸ் அறையிலிருந்து கோழிக்குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. போய்விட்டார்.

இத்தனை வருஷத்தில் வாத்தியார் மேல் வந்த கோபம் ஏறி இறங்கியிருக்கிறது. அவர் பயந்தாங்கொள்ளி, வேலை போய்விடும் என்று பயந்தார் என்றாவது சொல்லலாம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்தவர் மேல் எனக்கு வந்த கோபம் இறங்கவே இல்லை. கேள்வி கேட்க வந்தவர் அவர். சம்பளமே அதற்குத்தான்.

அடுத்த வாரம் அவள் கையில் டி.சி. ‘நடத்தை’ என்ற இடத்தில், கட்டுப்பாடு இல்லாதவள் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மிஷன் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. சிஸ்டர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். செங்கல் சூளைக்குப் போனாள். பத்தாவதை அவள் பாஸ் செய்தாள், தனித்தேர்வுக்குப் பணம் கட்டி, இடுப்பில் பிள்ளையோடு போய் எழுதி. அதற்குள் நர்ஸ் டிரெய்னிங்குக்கு வயது தாண்டிவிட்டது. இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. நாங்கள் சத்திரம் பஸ் ஸ்டாப்பில் எதிரெதிர் ஷிப்டில் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு நிமிஷம் பேசுவோம், பஸ் வந்துவிடும்.

பிரசிடெண்டு மகனிடமும் போன வாரம் போனில் கேட்டேன். “அவ குட்டியிருந்தா உங்கப்பா சண்டைக்கு வந்திருப்பாரா?”

“வந்திருப்பாரு” என்றான். “ஆனா நான் தலைய நீட்டினேன் இல்ல? அது எதுக்குமே கணக்கில்லாமப் பூட்டுதே.”

அவன் சொன்னதும் ஒரு நியாயம்தான். தொந்தரவு பண்ணாமல் தலையை நீட்டினவனும் தொந்தரவு பண்ணாமல் பதில் சொன்னவளும் அந்த ஹாலில் இருந்தார்கள். குதித்துக் கத்திக் கலாட்டா பண்ணியது மேடை மேல் இருந்தவர். டி.சி. மட்டும் அவளுக்கு.

விழாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். டிபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“வரேன்டி. லீவு சொல்லிட்டு வரேன். சால்வை போடச் சொன்னாலும் போடறேன். அவரு என்னை ஒரு கேள்வி கேப்பாரா?”

“இப்பவா?”

“இப்பத்தான். மைக்குல. ஏதோ ஒன்னு கேக்கட்டும், ரெண்டும் ரெண்டும் எத்தினின்னு கேட்டாக்கூடப் போதும். என் மூஞ்சப் பாத்துக் கேக்கட்டும்.”

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

இதுதான் நான் மலருக்கு எழுதியது. குட்டு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், அவள் கேட்டது ஒரு கேள்வி. பிரியாணிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். வாத்தியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். முடியாது, இந்த வயதில் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் தைரியமாக எனக்குச் சொல்லிவிடுங்கள். ஆனால் அவள் நிற்க வேண்டிய இடத்தில் வந்து நில் என்று என்னை மட்டும் கூப்பிடாதீர்கள். நான் வர மாட்டேன்.